‘பத்துக் கோடி டாலர் திரட்டியது’ என்று செய்தி வந்தால்

கிரிப்டோ நிறுவனம் ஏதாவது ஒன்று பெரிய முதலீடு திரட்டிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், அன்று மாலைக்குள் அந்த இணைப்பு என் வாட்ஸப்புக்கு வந்துவிடும். நான் கணக்குத் துறையில் இருப்பது தெரிந்தவர்கள் அனுப்புவது. “அண்ணா, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் காசு போட்டிருக்காங்க. நாமளும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா?” டோக்கன் பெயர் மாறும், அனுப்புகிற ஆள் மாறுவார், கேள்வி மட்டும் மாறாது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். ஆனால் வீட்டில் சேமிப்புப் பணத்தை எடுத்து இதில் போடலாமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். பெரிய ஆட்கள் எதை வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள், எப்போது விற்க முடியும் என்ற மூன்றும் தெரியாமல் அவர்கள் பின்னால் போவது ஆபத்து. செய்தியில் இந்த மூன்றும் பெரும்பாலும் இருக்காது. தொகை மட்டும்தான் இருக்கும்.

அந்தத் தொகையிலிருந்தே தொடங்கலாம். கேலக்ஸி என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு, கிரிப்டோ, பிளாக்செயின் ஸ்டார்ட்அப்களுக்குள் எவ்வளவு துணிகர முதலீடு வருகிறது என்று காலாண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2021இல் வந்தது ஏறத்தாழ 3,300 கோடி டாலர். 2022இல் 3,000 கோடிக்குச் சற்று மேலே. 2023இல் அப்படியே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, 1,000 கோடியை ஒட்டி நின்றது. 2024இல் 1,150 கோடி.

இதோடு பிட்காயின் விலையைச் சேர்த்துப் பாருங்கள். 2021 நவம்பரில் உச்சம் 69,000 டாலர். 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 1,26,000 டாலர் வரை போனது. முன்பெல்லாம் பிட்காயின் ஏறினால் ஸ்டார்ட்அப்களுக்கு வரும் பணமும் கூடவே ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். இந்த முறை விலை பழைய உச்சத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியும் முதலீடு பழைய அளவை எட்டவே இல்லை.

காரணங்களில் சில சாதாரணமானவை. 2022 மார்ச் வரை அமெரிக்காவில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். சும்மா கிடந்த பணம் எதிலாவது போய் விழுந்தாக வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுக்குள் வட்டி 5 சதவீதத்தைத் தாண்டியது. 2023இலிருந்து செயற்கை நுண்ணறிவு எல்லோருடைய பணத்தையும் கவனத்தையும் இழுத்துக்கொண்டது. 2024 ஜனவரியில், பிட்காயினை நேரடியாக வைத்திருக்கும், பங்குபோல வாங்கி விற்கக்கூடிய இடிஎஃப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும், கிரிப்டோவில் கால் வைக்க விரும்பிய பெரிய நிதிகளுக்கு ஸ்டார்ட்அப் வழியாக வரவேண்டிய தேவையே குறைந்தது. நேராக இடிஎஃப் வாங்கினால் போதும், வேண்டாமென்றால் மறுநாளே விற்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் எஃப்டிஎக்ஸ். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் “பெரிய ஆளுங்க காசு போட்டிருக்காங்க” என்ற வாதம் அங்கேதான் உடைந்து நொறுங்கியது.

எஃப்டிஎக்ஸ் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச். 2021 ஜூலையில் 90 கோடி டாலர் திரட்டியது. நிறுவனத்தின் மதிப்பு 1,800 கோடி என்று போட்டார்கள். மூன்றே மாதத்தில், அக்டோபரில், இன்னொரு சுற்று. அப்போது திரட்டிய தொகை 42 கோடியே 6 லட்சத்து 90 ஆயிரம் டாலர், முதலீட்டாளர்கள் 69 பேர். இணையத்தில் பிள்ளைகள் விளையாட்டாகப் பயன்படுத்தும் 420, 69 என்ற எண்கள் வருவதற்காகவே அப்படி அமைத்தார்கள். உலகின் மிகப்பெரிய நிதி நிறுவனங்கள் அந்த விளையாட்டுக்குள் கையெழுத்துப் போட்டன. 2022 ஜனவரியில் மேலும் 40 கோடி, மதிப்பு 3,200 கோடி. அதே ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி திவால் மனு.

சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக், எஃப்டிஎக்ஸை எட்டு மாதம் ஆராய்ந்த பிறகுதான் பணம் போட்டதாகச் சொன்னது. தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளையும் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் 27.5 கோடி டாலரை முழுவதுமாக நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். கூகுள், ஆப்பிள் காலத்திலிருந்து பெயர் பெற்ற செக்கோயா 21 கோடிக்கு மேல் எழுதியது. கனடாவின் ஒன்டாரியோ மாநில ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிகூட 9.5 கோடி டாலர் போட்டிருந்தது.

திவாலுக்குப் பிறகு பொறுப்பேற்றவர் ஜான் ரே. கணக்கு மோசடியால் சரிந்த அமெரிக்க நிறுவனமான என்ரானின் இடிபாடுகளைக் கவனித்தவர் அவர்தான். அவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த அறிக்கையை ஒரு கணக்காளனாக வரிவரியாகப் படித்திருக்கிறேன். பல துணை நிறுவனங்களில் இயக்குநர் குழுக் கூட்டம் ஒருமுறைகூட நடக்கவில்லை. கையில் ரொக்கம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முறையான கணக்கு இல்லை. ஊழியர் ஒருவர் சாட் குழுவில் “இந்தப் பணம் வேண்டும்” என்று கேட்பார், மேலாளர் ஒரு எமோஜி போடுவார், பணம் போய்விடும். நம் ஊரில் ஒரு சின்னக் கூட்டுறவுச் சங்கத்தில்கூட வவுச்சரில் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் காசாளர் பெட்டியைத் திறக்க மாட்டார்.

நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃபிரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். பணம் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்குத் திவால் நடந்த நாளின் விலைப்படி கணக்குப் போட்டு வட்டியோடு கொடுத்தார்கள். ஒரு பிட்காயின் வைத்திருந்தவருக்கு அன்றைய விலையான சுமார் 16,900 டாலர்தான் அடிப்படை. அவர் கண்ணெதிரே அதே பிட்காயின் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெமாசெக்குக்கு 27.5 கோடி டாலர் என்பது அதன் மொத்தச் சொத்தில் 0.1 சதவீதம்கூட இல்லை. துணிகர முதலீடு என்ற தொழிலே அப்படித்தான் நடக்கிறது. ஐம்பது நிறுவனங்களில் போடுவார்கள், முப்பது மூழ்கும், ஒன்றிரண்டு ஐம்பது மடங்காகும், மொத்தத்தில் லாபம். அவர்கள் ஒன்றில் போட்டார்கள் என்பதற்கு அது நல்ல நிறுவனம் என்று பொருள் இல்லை. ஐம்பதில் ஒன்றாக வைத்துக்கொள்ளத் தகுந்த பந்தயம் என்று மட்டுமே பொருள். உங்களிடம் ஐம்பது பந்தயத்துக்குப் பணம் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் மூன்று லட்சம்தான் இருக்கிறது.

எஃப்டிஎக்ஸ் தூரத்து விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு வால்ட் நிறுவனத்தை நினைவுபடுத்துகிறேன். சிங்கப்பூரில் பதிவு, பெங்களூரில் குழு, நம் நாட்டு வாடிக்கையாளர்கள் ஏராளம். கிரிப்டோவை வைப்பில் வைத்தால் வங்கியைவிட அதிக வட்டி என்பது அவர்களின் வாக்குறுதி. 2021 ஜூலையில் அமெரிக்கத் தொழிலதிபர் பீட்டர் தீலின் ஆதரவு பெற்ற வேலார் வெஞ்சர்ஸ் தலைமையில் 2.5 கோடி டாலர் திரட்டினார்கள். அமெரிக்க எக்ஸ்சேஞ்சான காயின்பேஸின் முதலீட்டுப் பிரிவும் உள்ளே இருந்தது. அந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் பலர் நம்பினார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2022 ஜூலை 4 அன்று, யாரும் பணம் எடுக்க முடியாதபடி கணக்குகளை நிறுத்தினார்கள். கொடுக்க வேண்டிய பாக்கி சுமார் 40 கோடி டாலர், அதில் பெரும்பகுதி சின்னச் சின்ன முதலீட்டாளர்களுடையது. போட்ட முதலீட்டைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் பொதுமக்கள் பணம் உள்ளே மாட்டியிருந்தது.

சரி, இப்போது பணம் எங்கே போகிறது?

2025இன் முதல் காலாண்டில் 490 கோடி டாலர் வந்தது. மொத்தத்தைப் பார்த்தால் பழைய நாட்கள் திரும்பிவிட்டன என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் அதில் 200 கோடி ஒரே ஒரு ஒப்பந்தம். அபுதாபி அரசின் ஆதரவில் இயங்கும் எம்ஜிஎக்ஸ், பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில் போட்டது. அந்தத் தொகை முழுவதையும் ஸ்டேபிள்காயினாகவே, அதாவது டாலர் மதிப்போடு இணைத்த டிஜிட்டல் நாணயமாகவே, கொடுத்தார்கள். அடுத்த காலாண்டில் அப்படிப்பட்ட பெரிய ஒப்பந்தம் இல்லாததால் மொத்தம் 200 கோடிக்கும் கீழே விழுந்தது. அதற்கடுத்த காலாண்டில் மறுபடி ஏறியது, அங்கும் ரெவலூட், கிராக்கன் போன்ற ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் நிறுவனங்கள்தான் பெரும்பங்கை வாங்கிக்கொண்டன. ஆகவே ‘கிரிப்டோ முதலீடு இரட்டிப்பு’ என்ற தலைப்பை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே ஒரு காசோலை அந்தத் தலைப்பை உண்டாக்கியிருக்கலாம்.

கொடுக்கிறவர்களும் மாறிவிட்டார்கள். 2021, 2022இல் பெரிய பெயர்கள் சிலிக்கான் வேலியின் கிரிப்டோ நிதிகள். பாரடைம் 250 கோடி டாலர் நிதியை 2021 நவம்பரில் அறிவித்தது. ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் 2022 மே மாதம் 450 கோடியில் ஒரு நிதியை அறிவித்தது. அந்த ஒரு நிறுவனத்தின் ஒரு நிதிக்கு நிகரான தொகையைத்தான் 2024இல் உலகின் எல்லாக் கிரிப்டோ நிதிகளும் சேர்ந்து திரட்ட முடிந்தது, சுமார் 500 கோடி. 2025இல் வந்தவர்கள் வேறு ரகம். நியூயார்க் பங்குச் சந்தையின் உரிமையாளரான இன்டர்கான்டினென்டல் எக்ஸ்சேஞ்ச், பாலிமார்க்கெட் என்ற கணிப்புச் சந்தையில் 200 கோடி வரை போடுவதாக அக்டோபரில் அறிவித்தது. வால் ஸ்ட்ரீட்டின் சிட்டாடல் செக்யூரிட்டீஸ், நவம்பரில் கிராக்கன், ரிப்பிள் ஆகிய கிரிப்டோ நிறுவனங்களில் நுழைந்தது.

இவர்கள் கனவுக்குப் பணம் கொடுப்பவர்கள் இல்லை. உரிமம் இருக்கிறதா, கட்டண வருமானம் எவ்வளவு, யார் வாடிக்கையாளர் என்று கேட்பவர்கள். அதனால்தான் ஸ்டேபிள்காயின் தொழில் இப்போது எல்லோருக்கும் பிடித்துப்போயிருக்கிறது. டாலரை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஈடாக டிஜிட்டல் டாலர் கொடுப்பது, உள்ளே இருக்கும் பணத்தை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரத்தில் போட்டு வட்டியை எடுத்துக்கொள்வது. எந்தக் கணக்காளருக்கும் புரியும் வியாபாரம். இணையவழிப் பணப்பரிமாற்றச் சேவை தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் பிரிட்ஜ் என்ற ஸ்டேபிள்காயின் ஸ்டார்ட்அப்பை 110 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்டேபிள்காயின் வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் 2025 ஜூனில் நியூயார்க் பங்குச் சந்தையில் 31 டாலருக்குப் பங்கு வெளியிட்டது, முதல் நாளே 83 டாலரில் முடிந்தது. ஜூலையில் ஸ்டேபிள்காயினுக்கென்று அமெரிக்காவில் சட்டமே வந்துவிட்டது.

இதை நான் நல்ல மாற்றமாகத்தான் பார்க்கிறேன். வருமானம் உள்ள நிறுவனத்துக்குப் பணம் போவது ஆரோக்கியம். ஆனால் இந்த மாற்றத்தின் பலன் பங்கு வைத்திருப்பவருக்குப் போகிறது. வாட்ஸப்பில் எனக்கு வரும் கேள்விகள் பங்கைப் பற்றியவை இல்லை. அவை டோக்கனைப் பற்றியவை. குழப்பம் முழுவதும் இங்கேதான்.

ஒரு கிரிப்டோ ஸ்டார்ட்அப்பில் துணிகர முதலீட்டாளர் போடும் பணத்துக்கு இரண்டு விதத்தில் பிரதிபலன் கிடைக்கும். ஒன்று, நிறுவனத்தின் பங்கு. இன்னொன்று, பிற்காலத்தில் வெளிவரும் டோக்கனில் இத்தனை சதவீதம் என்ற உரிமை. பல ஒப்பந்தங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். டோக்கனை வெளியிடுவது அந்த நிறுவனமாகக்கூட இருக்காது, கேமன் தீவுகளிலோ பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலோ பதிவான ஓர் அறக்கட்டளையாக இருக்கும். பொதுமக்கள் எக்ஸ்சேஞ்சில் வாங்குவது அந்த டோக்கனை மட்டும். அதற்குப் பெரும்பாலும் லாபத்தில் பங்கு கிடையாது, சொத்தில் உரிமை கிடையாது, நிறுவனத்தை யாராவது வாங்கினால் வரும் பணத்தில் ஒரு பைசா கிடையாது.

இதற்கு ஒரு நடப்பு உதாரணம் இருக்கிறது. ஆக்செலர் என்ற பிளாக்செயின் வலைப்பின்னலை முதலில் உருவாக்கிய குழு இன்டராப் லேப்ஸ். 2025 டிசம்பரில் சர்க்கிள் அந்தக் குழுவையும் அதன் அறிவுசார் சொத்தையும் வாங்குவதாக அறிவித்தது. ஆக்செலர் வலைப்பின்னலும் அதன் டோக்கனும் தனியாகவே தொடரும் என்றார்கள். அதாவது கட்டியவர்கள் போய்விட்டார்கள், டோக்கன் வைத்திருந்தவர்கள் டோக்கனோடு நின்றார்கள். அறிவிப்பு வந்ததும் டோக்கன் விலை சரிந்தது. சட்டப்படி இதில் தவறே இல்லை. டோக்கன் வாங்கியவர் ஆரம்பத்திலிருந்தே நிறுவனத்தை வாங்கவில்லை.

அடுத்து விலையும் காலமும். இதற்கு ஒரு டோக்கன் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது ஐகன்லேயர். நிறுவனர் ஸ்ரீராம் கண்ணன், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, பெங்களூரு ஐஐஎஸ்சி வழியாக அமெரிக்கா போய், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். எதீரியம் என்ற பிளாக்செயினுக்குப் பிணையாக வைத்த பணத்தையே வேறு சேவைகளின் பாதுகாப்புக்கும் மறுபடி பிணையாக வைக்கலாம் என்ற அவருடைய யோசனை, துறையையே கொஞ்ச காலம் ஆட்டிப்படைத்தது. பிளாக்செயின் கேப்பிட்டல் 2023 மார்ச்சில் 5 கோடி டாலர் சுற்றுக்குத் தலைமை தாங்கியது. ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் 2024 பிப்ரவரியில் 10 கோடி டாலர் போட்டது. நம் ஊரில் படித்த ஒருவர் இந்த இடத்துக்குப் போனது எனக்கு உண்மையிலேயே பெருமை. இந்த அட்டவணையை நான் எடுத்ததற்குக் காரணம், அவர்கள் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள் என்பதுதான்.

மொத்தம் சுமார் 167 கோடி டோக்கன். முதலீட்டாளர்களுக்கு 29.5 சதவீதம். ஆரம்பத்திலிருந்து வேலை செய்தவர்களுக்கு 25.5 சதவீதம். மீதி 45 சதவீதம் சமூகத்துக்கு, அதையும் மூன்றாகப் பிரித்து, அதில் ஒரு பகுதியே பயனர்களுக்கு நேரடியாக. 2024 அக்டோபர் 1 முதல் டோக்கனை விற்கலாம், வாங்கலாம் என்று திறந்தார்கள். முதலீட்டாளர்களும் குழுவும் ஓராண்டு தொடக்கூடாது. அதற்குப் பிறகு மாதம் 4 சதவீதமாக அவர்களுக்குப் பூட்டுத் திறக்கும்.

இதை மனக்கணக்காகப் போடுங்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து 55 சதவீதம், அதாவது 92 கோடி டோக்கன். அதில் மாதம் 4 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 3.7 கோடி டோக்கன். 2025 அக்டோபர் முதல் மாதாமாதம் இத்தனை புதிய டோக்கன் சந்தைக்கு வரக்கூடிய நிலை, அதுவும் இரண்டு ஆண்டுக்கு. எல்லோரும் விற்றுவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் 2025 ஜூனில் கூடுதலாக 7 கோடி டாலருக்கு டோக்கன் வாங்கவே செய்தது. ஆனால் விற்க முடிகிற நிலையில் ஒருவர் இருக்கிறார், அவர் வாங்கிய விலை உங்கள் விலையைவிட எத்தனையோ மடங்கு குறைவு என்றால், நீங்கள் நஷ்டத்தில் இருக்கும்போதும் அவர் லாபத்தில் விற்கலாம். தொடக்கத்தில் நான்கு டாலரை ஒட்டி இருந்த டோக்கன், 2025 முடிவதற்குள் ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

நம் ஊர் மனை வியாபாரத்தில் நடப்பதுதான் இது. லேஅவுட் அங்கீகாரத்துக்கு முன்பே புரமோட்டரின் நெருங்கிய வட்டம் பாதி மனைகளை அடிவிலைக்கு எடுத்துக்கொள்ளும். பிறகு முழுப்பக்க விளம்பரம் வரும். சாலையோரத்தில் ஆறே மனைகளை மட்டும் விற்பனைக்கு விடுவார்கள், கையிருப்பு குறைவு என்பதால் விலை ஏறும், அந்த ஆறு மனைகளின் விலையை வைத்து மொத்த லேஅவுட்டுக்கும் ஒரு மதிப்பு சொல்வார்கள். வட்டத்தில் இருப்பவர்கள் விற்க வரும்போதுதான் உண்மையான விலை தெரியும்.

கிரிப்டோவில் இந்த நிலையைப் பற்றி 2024 மே மாதம் பைனான்ஸின் ஆய்வுப் பிரிவே ஓர் அறிக்கை வெளியிட்டது. புழக்கத்தில் இருக்கும் டோக்கன் மிகக் குறைவு, சொல்லப்படும் மொத்த மதிப்பு மிக அதிகம் என்ற நிலையில் புதிய டோக்கன்கள் சந்தைக்கு வருகின்றன, 2030க்குள் 15,500 கோடி டாலர் அளவுக்கு டோக்கன்களின் பூட்டு திறக்கும் என்று அதில் சொன்னார்கள். டோக்கன்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் எக்ஸ்சேஞ்சே இப்படிச் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஹைப்பர்லிக்விட் என்ற வர்த்தகத் தளம் துணிகர முதலீடு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. 2024 நவம்பர் 29 அன்று டோக்கனை வெளியிட்டபோது 31 சதவீதத்தைப் பயனர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. முதலீட்டாளர் பங்கு என்ற வரியே அட்டவணையில் கிடையாது. ஆனால் முதலீட்டாளரே வேண்டாம் என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. 2017, 2018இல் பொதுமக்களிடமே நேரடியாக டோக்கன் விற்றுப் பணம் திரட்டினார்கள். இஓஎஸ் என்ற திட்டம் மட்டும் 410 கோடி டாலர் திரட்டியது, அது என்ன ஆனது என்று இன்று யாரும் கேட்பதுகூட இல்லை. 2025 ஜூலையில் பம்ப் டாட் ஃபன் என்ற தளம் அதேபோல டோக்கன் விற்றுப் பன்னிரண்டு நிமிடத்தில் 50 கோடி டாலர் திரட்டியதைப் பார்த்தபோது எனக்கு அந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. பன்னிரண்டு நிமிடத்தில் யார் எதைப் படித்திருக்க முடியும்?

இந்தியாவுக்கு வருவோம். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டு பணம் கொட்டியது. எக்ஸ்சேஞ்சுகளில், 2021 ஆகஸ்டில் காயின்டிசிஎக்ஸ் 9 கோடி டாலர், அக்டோபரில் காயின்ஸ்விட்ச் 26 கோடி டாலர். 2022 பிப்ரவரி முதல் வாரத்தில் பாலிகன் என்ற பிளாக்செயின் நிறுவனம் 45 கோடி டாலர் திரட்டியதாக அறிவித்தது. செக்கோயா இந்தியா தலைமை தாங்கியது, சாஃப்ட்பேங்க் உள்ளே வந்தது. நம் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடிய அந்தச் சுற்றில் விற்கப்பட்டது டோக்கன்.

அந்த அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்புதான் மத்திய பட்ஜெட் வந்தது. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒவ்வொரு விற்பனைக்கும் 1 சதவீத டிடிஎஸ். வர்த்தகம் வெளிநாட்டுத் தளங்களுக்கு ஓடியது, நிறுவனர்கள் பலர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் குடிபெயர்ந்தார்கள். வரியின் அளவைக்கூட நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது என்ற விதிதான் சின்ன முதலீட்டாளரை முறிக்கிறது. ஒரு டோக்கனில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆனாலும் லாபத்துக்கு 30,000 ரூபாய், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31,200 ரூபாய் வரி கட்டியாக வேண்டும். ஐம்பது இடத்தில் போட்டு ஒன்றிரண்டில் எடுக்கும் துணிகர முதலீட்டாளரின் உத்தியை இந்தச் சட்டத்தின் கீழ் நீங்கள் பின்பற்றவே முடியாது. அரசு இந்த ஒரு விதியையாவது மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பங்குச் சந்தையில் நஷ்டத்தைக் கழிக்க விடுகிறவர்கள் இங்கே விடாமலிருக்க நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதோடு பாதுகாப்பு. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. ஓராண்டு கழித்து அதே ஜூலையில் காயின்டிசிஎக்ஸிலிருந்து 4.4 கோடி டாலர் போனது. காயின்டிசிஎக்ஸ் அந்த நஷ்டத்தைத் தன் கையிருப்பிலிருந்து ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது, அக்டோபரில் காயின்பேஸ் அதில் மறுபடி முதலீடு செய்தது. வசீர்எக்ஸ் வாடிக்கையாளர்களோ ஓராண்டுக்கு மேல் பணம் எடுக்க முடியாமல் காத்திருந்தார்கள். எக்ஸ்சேஞ்சின் பெட்டியில் பணம் இருக்கிறதா என்பது முதலீட்டாளர் பட்டியலைவிட உங்களுக்கு முக்கியம்.

ஆகவே அடுத்த முறை ‘பத்துக் கோடி டாலர் திரட்டியது’ என்ற இணைப்பை எனக்கு அனுப்பும் முன், அந்தத் திட்டத்தின் இணையதளத்துக்குப் போய் டோக்கன் பங்கீட்டு அட்டவணையைத் தேடுங்கள். முதலீட்டாளருக்கும் குழுவுக்கும் சேர்த்து எத்தனை சதவீதம், பூட்டு எந்த மாதம் திறக்கிறது, மாதம் எத்தனை டோக்கன் வெளிவரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். விற்றது பங்கா டோக்கனா என்று பாருங்கள். அதையும் சேர்த்து அனுப்பினால் எந்த நேரமானாலும் உட்கார்ந்து உங்களோடு கணக்குப் பார்க்க நான் தயார். அட்டவணையே கிடைக்கவில்லை என்றால் என்னைக் கேட்க வேண்டியதில்லை, பணம் போடாதீர்கள்.